பை மட்டும் கிளம்பிய புதன்கிழமை

ஐம்பத்து மூன்று வயதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவனுக்கு அறிவு கொஞ்சம் அதிகம் என்று ஊர் நம்புகிறது. என் விஷயத்தில் ஊர் ஏமாந்தது.

ஸ்காட்லாந்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பு. பாடம், ஆவணப் பாதுகாப்பு. (இதைக் கடைசி வரை மறந்துவிடாதீர்கள்.) திங்கட்கிழமைக்குள் நேரில் போய்ப் பதியாவிட்டால் இடம் பறிபோகும். வெள்ளிக்கிழமை மாலை திருச்சியில் விமானம்.

"வெள்ளிக்கிழம மேக்கே சூலம்ங்க. புதன்கிழமையே பரஸ்தானம் வச்சிருவோம்" என்றாள் என் மனைவி செல்வி.

பயண நாள் சரியில்லையென்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பை ஒன்றை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாக அர்த்தம். போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் மட்டும் திரும்பி வரக்கூடாது.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் எந்த வழக்கத்தையும் தேதி போட்டு எழுதிவைக்கிற எனக்கு, அதைச் செய்துபார்க்கும் ஆர்வம் உண்டு. எது இல்லாமல் பயணமே நடக்காதோ, அதை வைப்பதுதானே முறை என்று யோசித்தேன். மற்றவர்கள் பழைய துண்டை வைப்பார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் பாஸ்போர்ட்டை வைத்தேன். (செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டாமா?)

பெரம்பலூரில் எங்கள் பக்கத்து வீடு ரஹ்மத் அக்காவுடையது. மூன்று பிள்ளைகளையும் வளைகுடாவுக்கு அனுப்பியவர். "எம் புள்ளைங்கல்லாம் ஒரே தடவையா கெளம்பிப் போனானுவ. நீங்க என்ன தம்பி, தவணையில போறீங்க?" என்று சிரித்தபடி பையை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை கார் வந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனால், கதவில் பூட்டு. போன் செய்தேன். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து மணி அடித்தது.

"லப்பைக்குடிக்காட்டுல அவங்க தங்கச்சி மவளுக்கு நிக்காஹ். பையில துண்டுதான இருக்கு? வுட்டுட்டுப் போங்க" என்றாள் செல்வி.

"பாஸ்போர்ட்டு இருக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, படிச்சுப் படிச்சுத்தான் இப்படி ஆனீங்களா?"

திருச்சிக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் கார் பறந்தது. கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும் ரஹ்மத் அக்கா பந்தி பரிமாறுவதை நிறுத்திவிட்டார். "யா அல்லா! நீங்கதான் புதன்கிழமையே கெளம்பிட்டீங்களே தம்பி!"

வீட்டுச் சாவியும் பீரோச் சாவியும் கோத்த கொத்தைத் தந்தவர், "ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்றார். (சாப்பிட்டேன். பிரியாணி நன்றாகவே இருந்தது.) திரும்பி வந்து, பையை எடுத்துக்கொண்டு திருச்சியை அடைந்தபோது விமானம் போய்விட்டது.

நல்லவேளை, சனிக்கிழமை விமானத்தில் இடம் கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பினேன். செல்வி வாசலிலேயே மறித்தாள். "கெளம்புனவங்க வூட்டுக்குள்ள வரக்கூடாது."

ரஹ்மத் அக்கா இன்னும் கல்யாண வீட்டில்தான் இருந்தார். சாவி என்னிடம் இருந்தது. அவர் தங்கச்சியின் போனில் அவரிடம் அனுமதி வாங்கி, அவர் வீட்டில் பையோடு பையாக நானும் பரஸ்தானம் கிடந்தேன்.

திங்கட்கிழமை பதிவு செய்தாகிவிட்டது என்று போனில் சொன்னபோது செல்வியின் குரலில் வெற்றி. "சனிக்கிழம கெழக்கேதான் சூலம். மேக்கே போவத் தடையே இல்ல. பாத்தீங்களா, பரஸ்தானம் வேல செஞ்சிருக்கு!"

என் குறிப்பேட்டில் புறப்பட்ட நாளாக எதை எழுதுவது என்பதுதான் இன்னும் தீரவில்லை. புதனா, வெள்ளியா, சனியா? படிப்பை முடித்து ஊர் திரும்பிவிட்ட பிறகும், நான் காய்கறி வாங்கக் கூடையை எடுத்தால்கூட, என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள்:

"அப்பா, நீங்களும் போறீங்களா, இல்ல கூட மட்டும் போவுதா?"