தலையணைக்கு மேலே ஒரு கீச்சொலி

"உங்க கணக்கு சராசரிக்கும்மா. நான் சராசரியில தூங்கல, இந்தக் கட்டில்ல தூங்குறேன்" என்றார் கேப்டன் டோர்க்கெல்.

சிக்னேவுக்கு முகம் சிவந்தது. கோதன்பர்க் துறையிலிருந்து ஓடிய அந்தப் பயணிகள் கப்பலின் அதிர்வைக் கணித்தவள் அவள்தான். எஞ்சின் கிளப்பும் அதிர்வில் எந்தத் தகட்டில் எவ்வளவு சக்தி தங்கும், எவ்வளவு அடுத்த தகட்டுக்குத் தாவும் என்று சராசரியாகப் பங்கு பிரித்துப் பார்க்கும் கணக்கு. அதன்படி கேப்டனின் அறைதான் கப்பலிலேயே அமைதியானது. அவரோ தலையணைக்கு மேலே கொசு மாதிரி ஏதோ கீச்சிடுவதாகச் சாதித்தார். அவர் திருப்தி என்று சொல்லாவிட்டால் அடுத்த கப்பலுக்கு இந்தக் கணக்கே வேண்டாம் என்றுவிட்டது நிறுவனம்.

சிக்னே அவர் அறையின் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே ரப்பர் கொடுத்தாள். சுவருக்குப் போக முடியாத அதிர்வு, பக்கத்துச் சாப்பாட்டு அறைக்குப் போனது. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

"காபி குடிக்கவா, கச்சேரி கேக்கவா?" என்றான் ஒரு மாலுமி.

அங்கே தரையில் கனமான விரிப்பு ஒட்டினாள். கோப்பைகள் அடங்கின. ஆனால் விரிப்பு தடுத்ததில் கதவு திறக்கவில்லை. கதவின் அடியைச் சீவினாள். அந்த இடுக்கு வழியாக எஞ்சின் இரைச்சல் மொத்தமும் சாப்பிட வந்தது.

"இப்ப எப்படி, கேப்டன்?"

"நேத்து ராத்திரியும் கீச்சுன்னுதான் இருந்துச்சு."

"கருவியில ஒண்ணுமே காட்டலயே."

"கருவிக்குத் தூக்கம் வேண்டாம். எனக்கு வேணும்."

கப்பல் நடுக்கடலில் முழு வேகத்தில் போனபோது அவர் கட்டிலில் தானே படுத்துப் பார்த்தாள். அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது.

கொதித்துப்போய்ச் சமையலறைக்கு வந்தாள். "கணக்கு தப்புன்னு நானே ஒத்துக்கிட்டுப் போயிடறேன். சரியான கணக்கைத் தப்புன்னு சொல்ல வைக்கிறாரே, அந்த மனுஷனுக்கு அப்படி என்ன காது?"

சமையல்காரர் யல்மார் ஒரு தட்டில் ஏலக்காய் ரொட்டியும் இரண்டு கோப்பை காபியும் எடுத்து வைத்தார்.

"கொஞ்சம் வழி விடு, சிக்னே. கெட்டில் விசில்கூடக் கேக்காத காதுதான் அவருக்கு; உன் வேலை முடியற வரைக்கும் மேல்தளத்துல பெரிய ஜன்னல் வச்ச பயணி அறையில பொண்டாட்டியோட இருந்துக்கோன்னு கம்பெனி சொல்லியிருக்கு, அங்கதான் இந்தக் காபி போகுது."