ஆழ்ந்த அனுதாபத் தீர்மானம்

உலகத்தில் இன்னும் அநீதி மிச்சமிருந்தால் அதற்கு எங்கள் சங்கம் பொறுப்பல்ல. நியூயார்க் மாநிலத்துக் கால்வாய்க் கரையில் உள்ள எங்கள் சிற்றூரில், அடிமைத்தனத்தை வாரம் தவறாமல் கூடிக் கண்டித்து வந்தோம். செயலாளர் நான், லெமுவேல் தாட்சர். தெற்கே இருந்த அடிமைகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேராதது அவர்களுடைய துரதிர்ஷ்டம்.

அன்று மாலை எடுத்துக்கொண்ட பொருள் சர்க்கரை. அடிமைகள் விளைவித்த கரும்புச் சர்க்கரையைத் தேநீரில் போடுவது பாவமா? பாவம்தான், ஆனால் ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பது பாவமாகாது என்று தலைவர் ஒபதையா பிளிஸ் 'நுட்பமாக' விளக்கிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. முழங்கால் வரை நனைந்த பாவாடையோடு ஒரு கறுப்பினப் பெண் உள்ளே வந்தாள்.

“ஐயா, எம்பேரு கெசையா. மேரிலாண்டுல எஜமான்கிட்டேர்ந்து ஓடி வந்துட்டேன். புடிக்க வந்தவன் சாராயக் கடை வரைக்கும் வந்துட்டான். ஏரிக்கரைக்கு ஒரு வண்டி கெடைச்சாப் போதும், அங்கேர்ந்து கனடாவுக்குப் படகு இருக்கு.”

“அம்மா, உங்களைப் பத்திதான் பேசிட்டிருக்கோம். குறுக்கே பேசாதீங்க” என்றார் தலைவர்.

“என்னைப் பத்தின்னா நான் பேசக்கூடாதா?”

“விதி ஏழு. உறுப்பினர் அல்லாதவங்க பேசக்கூடாது. பெண்கள் உறுப்பினராகக் கூடாது. உங்களுக்கு ரெண்டுமே பொருந்துது.”

என் நெஞ்சு நெகிழ்ந்தது. எழுந்து, இச்சங்கம் கெசையாவுக்கு அனுதாபம் தெரிவிக்கிறது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பள்ளி ஆசிரியர் 'ஆழ்ந்த' என்ற திருத்தம் கொடுத்தார். 'மிக ஆழ்ந்த' என்று ஒரு கட்சி பிரிந்தது.

“வண்டி?” என்றாள் கெசையா.

“அது அடுத்த கூட்டத்துல” என்றார் தலைவர்.

வாசலில் நின்ற ஒரே வண்டி என்னுடையது. தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்டது சங்கத்தை. சங்கத்துக்குச் சேர வேண்டிய பெருமையைத் தட்டிப் பறிக்கிறவனா நான்?

பின்வரிசையில், பெண்கள் வாய்மூடி உட்கார அனுமதிக்கப்பட்ட பெஞ்சிலிருந்து என் மனைவி மெஹிட்டபெல் எழுந்தாள்.

“வாம்மா, போலாம்.”

“அடியே, வண்டிக்கு அடிச்ச வர்ணம் இன்னும் காயல!” என்று அலறினேன்.

“உங்க தீர்மானமுந்தான் காயல. அதை ஊதிக்கிட்டு இருங்க.”

தலைவர் 'விதி ஏழு! விதி ஏழு!' என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சக்கரங்கள் உருண்டன.

சற்று நேரத்தில், பிடிக்க வந்த ஆள் பிடியாணையோடு நுழைந்தான். அவனும் உறுப்பினர் அல்ல. ஆனால் தலைவரே எழுந்து நாற்காலி போட்டார். “சொல்லுங்க ஐயா, தண்ணி சாப்பிடுறீங்களா?” சொத்துரிமையைப் பற்றி அவன் நீளமாகப் பேசினான். ஒருவரும் குறுக்கிடவில்லை.

“அந்தப் பொம்பளை எந்தப் பக்கம் போனா?” என்று கடைசியில் கேட்டான்.

“அதை உங்களுக்குச் சொல்லலாமா கூடாதான்னு சங்கம் முடிவு பண்ணணும்” என்றார் தலைவர்.

விவாதம் தொடங்கியது. அந்த ஆள் உட்கார்ந்தான், நெளிந்தான், கொட்டாவி விட்டான். நாங்கள் 'சொல்லலாம்' என்ற முடிவை நெருங்கும் நேரத்தில் பொறுமையிழந்து எங்களைத் திட்டிவிட்டு, ஏரிக்கு நேர் எதிர்த்திசையில் குதிரையை விட்டான்.

மறுநாள் மதியம் மெஹிட்டபெல் திரும்பினாள். வண்டி முழுக்கச் சேறு. அவள் முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்காத சிரிப்பு.

“படகு ஏத்திட்டியா?”

“ஏத்திட்டேன்.”

“சங்கத்துக்கு நன்றின்னு ஏதாவது சொன்னாளா?”

“அக்கரையில எறங்கினதும் மொத வேலையா வாய்விட்டுப் பேசப் போறாளாம். அதைத்தான் சொன்னா.”

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள். நீண்ட விவாதத்தால் ஓர் உயிரைக் காப்பாற்றிய சங்கத்துக்குச் சங்கத்தின் பாராட்டு, முதலாவது. அனுமதியின்றிப் பேசிய திருமதி மெஹிட்டபெல் தாட்சருக்குக் கண்டனம், இரண்டாவது. இரண்டாவதற்கு எதிர்ப்பே இல்லை. தூக்கிய கைகளை எண்ணுவது செயலாளரின் கடமை. ஒரு கையை நீட்டித்தான் எண்ணினேன். மற்றொன்று எல்லோருடைய கைகளோடும் மேலே இருந்தது.