கேரியர் அண்ணன் கண்டெடுத்த ஃபோர்மேன்

காரைக்குடியில் ஒரு டிபன் கேரியரைத் தட்டிப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், எங்கள் ஆபீஸ் கேரியர் அண்ணன்தான். சொல்வதில் பாதி புளுகு. ஆனால் மீதிப் பாதிகூட எங்களுக்குத் தெரியாது என்பதால் வாயைப் பிளந்து கேட்போம்.

மில், ரயில்வே பணிமனை, சுரங்கம் என்று எங்கெங்கோ உழைத்து ஓய்ந்த சாப்பாட்டு டப்பாக்களும் அடுக்குக் கேரியர்களும் அவர் வீட்டில் குடியிருந்தன. கட்டிலுக்கு அடியில், பீரோ மேலே, பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில். தினம் ஒன்றில் சாப்பாடு கொண்டுவருவார். துருப்பிடித்த கொக்கியை நெம்ப ஸ்க்ரூடிரைவரும் கூடவே வரும். ஒருநாள் எவ்வளவு நெம்பியும் திறக்கவில்லை. என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, "என்னா உறுதி பாத்தியா!" என்று பெருமைப்பட்டார்.

அண்ணன் மனைவியை நாங்கள் மதினி என்போம். மதினி ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு கேரியர் வாசப்படி மிதிச்சா, நான் கல்லலுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க டப்பாவோட குடும்பம் நடத்துங்க!"

அண்ணன் நிஜமாகவே பயந்துவிட்டார். மூன்று வாரம் பழைய சாமான் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாலாவது வாரம், கறுத்துப்போன பித்தளைக் கேரியர் ஒன்றை வாங்கிக்கொண்டு, துணைக்கு என்னையும் வீட்டுக்கு இழுத்துப் போனார்.

பார்த்ததும் மதினி உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார்.

"இரு, இத மட்டும் பாத்துட்டுப் போ. மில் ஃபோர்மேனோட கேரியர். அடியில ஏதோ பேரு வெட்டியிருக்கு, கறுப்புல எழுத்துத் தெரியல. இந்த நசுங்கலப் பாத்தியா? பாய்லர் வெடிச்சப்பப் பட்டது!"

மதினி அதை வாங்கித் திருப்பி, அடியை முந்தானையால் துடைத்துப் பார்த்தார்.

"இது எங்கப்பா பேரு. என் கல்யாணச் சீரு. மொத வருசம் நீங்கதான் சைக்கிள்ல இருந்து கீழ போட்டீக, அப்ப நசுங்குனது. உங்க டப்பாக்கு எடமில்லன்னு போன மாசம் நான்தான் பழைய பாத்திரக்காரருக்குப் போட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஒரு வருசம் இதுலதான சாப்பிட்டேன்... எனக்கு அடையாளம் தெரியலையே" என்றார். நசுங்கலை விரலால் தடவிப் பார்த்தார்.

மதினி பையைக் கீழே வைத்தார். "புளி எடுத்துட்டு வாங்க. வெளக்கணும்."

அண்ணன் தரையில் உட்கார்ந்து தானே தேய்க்க ஆரம்பித்தார். மாமனார் பேர் பளிச்சென்று தெரியும்வரை அவர் விடவில்லை. பக்கத்தில் ஓர் அடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த மனுஷன் என் கூடப்பிறந்த அண்ணனாக இருந்திருக்கலாமே என்று இருந்தது.