ஆலைச் சாம்பல்

கடலை காயப்போடக் கட்டிய புதுக் கான்கிரீட் களத்தில் விரிசல் விழுந்திருந்தது. ராசப்பன் குத்தவைத்து விரலால் தடவிப் பார்த்தார். விரல் நுனி உள்ளே போயிற்று.

"காயற களத்துல இது சகஜமுங்க," என்றார் கொத்தனார், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

ஆற்று மணல் லாரிக்குக் காத்திருந்து ராசப்பனுக்கு அலுத்துவிட்டது. அவருடைய வெல்ல ஆலையிலோ கரும்புச் சக்கை எரிந்த சாம்பல் மலையாய்க் கிடந்தது. "அதைச் சலிச்சு, மணல்ல ஒரு பங்குக்குப் பதிலா கான்கிரீட்ல கலந்து பாரு," என்று சொன்னது சின்னப்பராஜ். பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பலம் பார்க்கும் வேலை. வருடந்தோறும் கிறிஸ்துமஸ் கேக் இங்கே வரும், பொங்கல் வெல்லம் அங்கே போகும்.

ஆலையில் வேலை செய்யும் ஆத்தாயிதான் சலித்துச் சுமந்து வந்து கொட்டினாள். மாவுபோல நைசாக இருந்தது.

பர்மிட்டுக்கு அலைந்து வாங்கிய சிமெண்டில் மிச்சமிருந்ததைக் கரைத்து ராசப்பன் விரிசலில் ஊற்றினார். மறுநாள் பக்கத்திலேயே இன்னொரு விரிசல். ஈரச் சாக்குகளைப் போர்த்தினார். சாக்கை எடுத்தபோது களத்தின் தோலும் கூடவே வந்தது. யாரும் பார்க்காமலிருக்க நிலக்கடலையைப் பரப்பி மூடினார்.

சாயங்காலம் மனைவி வசந்தாமணி கூடையோடு வந்தாள்.

"ஏனுங்க, கடலக்கா அள்ளுனா களமும் சேந்து கூடைக்கு வருதுங்க. இது களமுங்களா, உழுது போட்ட காடுங்களா?"

அவள் கையிலிருந்த பித்தளைச் சொம்பு பளபளத்தது. அந்த வருடம் ஊரில் எல்லா வீட்டுப் பாத்திரங்களும் அப்படித்தான் பளபளத்தன. சொம்பில் ராசப்பனுக்குத் தன் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

தகவல் போய்ச் சின்னப்பராஜ் பஸ்ஸேறி வந்தார். ஒரு சில்லை எடுத்து விரலால் நசுக்கினார். 

"சாம்பல் இப்படிப் பண்ணாது ராசப்பா."

"அப்ப நான் பண்ணுனனா?"

"அப்படிச் சொல்லலப்பா. எங்கயோ தப்பு..."

"தப்பு உன்ற பேச்சைக் கேட்டதுதான்! கட்டி ஒடைக்கறவன் பேச்சைக் கேட்டா களமும் ஒடையத்தான செய்யும்? இனி இந்த ஊட்டுப் படி ஏறாதே."

சின்னப்பராஜ் சில்லைக் கீழே மெதுவாக வைத்தார், அது இன்னும் உடையும் என்பதுபோல. வசந்தாமணி கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது.

அந்தப் பொங்கலுக்கு வெல்லம் போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு எடுத்துக் கட்டிவைத்தார், அவிழ்த்துவிட்டார். அவன் வரட்டுமே என்றிருந்தது. அங்கே அவரும் அப்படித்தான் இருந்திருப்பார்.

பிறகு ஒருநாள் சூரமங்கலம் மாதா கோயிலில் சின்னப்பராஜின் அடக்கத்துக்கு முந்திய கடைசிப் பூசை நடந்தது. ராசப்பன் பின்வரிசையில் நின்றார். மஞ்சள் பையில் கொண்டுபோன வெல்லத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

ஆலை வாசலில் ஆத்தாயி சாம்பல் சலித்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் கருமத்தைக் கொண்டு போய்க் குப்பையில கொட்டு ஆத்தாயி! ஒரு மனுசனையே எங்கிட்டருந்து பிரிச்சிருச்சு அது."

ஆத்தாயி பதறிச் சல்லடையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ, கொட்டச் சொல்லாதீங்க சாமி! பாத்திரம் துலக்க ஊரே இதுக்குத்தான் வருது. அன்னைக்கே இதை வீணாக்க மனசு வராமத்தானுங்க, உங்க களத்துக்கு இதுக்குப் பதிலா ஏரி வண்டலைச் சலிச்சுப் போட்டேன்!"