ஹட் பேயில் மக்கள் உள்ளனர்

இளங்கலை மாணவர்களும் ஆராய்ச்சி செய்தாக வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. எந்த மேலிடம் என்று எங்கள் கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. மேலிடம் என்றால் அது மெயின்லேண்டில் இருக்கும் என்பது போர்ட் பிளேரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

சென்னையில் இதற்கென்று ஒரு மாநாடு கூட்டியிருந்தார்கள். முதலில் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும். ஆய்வு பிறகு வரலாம், வராமலும் போகலாம். சுருக்கம் தேர்வானால் மாணவருக்கு விமான டிக்கெட் உண்டு என்று அறிவிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்த பிறகுதான் எங்கள் கல்லூரிக்கு அறிவுத்தாகம் எடுத்தது. உடனே 'ஆய்வுச் சுருக்கக் கூர்நோக்குக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். குழு நூலகத்தில் கூடியது, ஏனென்றால் கல்லூரியில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் அது ஒன்றுதான். நான் அங்கே நூலகராக இருப்பதால் எல்லாவற்றையும் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வந்தது ஒரே ஒரு சுருக்கம். எழுதியவள் மூன்றாம் ஆண்டு காவேரி, ஹட் பேக்காரி; போர்ட் பிளேரிலிருந்து கப்பல் பிடித்துப் போக வேண்டிய தீவு ஊர் அது.

அவள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறுவதற்கு அரை மணி முன்னால் எல்லோரும் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்வார்கள். டாக்டர் அப்படித்தான் போடச் சொல்லியிருக்கிறார், அதில் குற்றம் காண முடியாது. ஆனால் இன்றைக்குக் கப்பல் இல்லை என்கிற அறிவிப்பு, மாத்திரை தொண்டையைத் தாண்டிய பிறகுதான் வரும். மாத்திரைக்குக் கப்பல் வராத விஷயம் தெரியாது. அது தன் வேலையைச் செய்யும். வாத்தியார், நர்ஸ், பஸ் டிரைவர், மளிகைக்கடைக்காரர் எல்லோரும் கப்பல் அணையும் ஜெட்டியிலேயே பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கிவிடுவார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஊசி இல்லை, பஸ் இல்லை, பருப்பும் இல்லை.

போன மழைக்காலத்தில் இன்னும் விசேஷம். கப்பல் இல்லை என்றார்கள், சனம் தூங்கிவிட்டது. பிறகு கடல் கொஞ்சம் அடங்க, கப்பல் வந்தது. ஊதி ஊதிப் பார்த்தது. ஒருவரும் அசையவில்லை. காலியாகவே திரும்பிப் போனது; கப்பல்காரர்கள் 'பயணிகள் வரவில்லை' என்று குறிப்பு எழுதிவிட்டார்கள். தூங்கியவர்களில் காவேரியின் அம்மா பூங்கோதையும் ஒருத்தி. மறுநாள் போர்ட் பிளேரில் அவளுக்குக் கண் ஆபரேஷன். அந்தத் தேதி போனது போனதுதான், அடுத்த தேதி இன்றுவரை வரவில்லை.

காவேரி ஜெட்டிக்குப் போய், விழித்திருந்தவர்களை எல்லாம் விசாரித்து எழுதியிருந்தாள். அவள் கண்ட முடிவு இதுதான்: கப்பல் இல்லை என்றால் அதை மாத்திரைக்கு முன்னால் சொல்லுங்கள். மெயின்லேண்டில் ஒரு மேடையில் இதைச் சொல்லிவிட்டால் இங்கே காதில் ஏறும், அம்மாவைத் தூங்காமல் கொண்டுவந்து சேர்க்கலாம் என்று அவள் நம்பினாள்.

பொறுப்பு முதல்வர் பாலசுப்பிரமணியம், தஞ்சாவூர்க்காரர், அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ரொம்ப நல்ல முயற்சிம்மா. ஒரு சின்னத் திருத்தம். கப்பல் வரலேன்னு போட்டிருக்கே, அதை எடுத்துடு."

"கப்பல் வரலியே சார்."

"வரலேதான். அதை நாம ஏன் சொல்லணும்? அது அரசாங்கக் கப்பல், நான் அரசாங்க ஊழியன். ஒரே எடத்துல சம்பளம் வாங்கறவங்க ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்கலாமா?"

"தாமதமா வந்துச்சுன்னு போடட்டுமா சார்?"

"கப்பலே வேண்டாம்மா. கடல் இருக்கட்டும். கடல் யார் கிட்டயும் போய்ச் சொல்லாது."

கப்பல் போயிற்று. அடுத்துத் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் கிருஷ்ணமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"மாத்திரைன்னு இருக்கு. மருந்து சம்பந்தப்பட்ட ஆய்வுன்னா நெறிமுறைக் குழு ஒப்புதல் வேணும்."

"அந்தக் குழு எங்க சார் இருக்கு?"

"இன்னும் அமைக்கலை. மருந்து சம்பந்தமா ஒரு ஆய்வாவது நடந்திருந்தாத்தான் அமைக்க முடியும்."

"அப்ப என்னோடதையே முதல் ஆய்வா வச்சுக்கலாமே சார்."

"எப்படிம்மா? ஒப்புதல் இல்லாம எப்படி நடத்துவே?"

மாத்திரையும் போயிற்று.

மிச்சத்தைப் பாலசுப்பிரமணியம் உரக்கப் படித்தார். "ஹட் பேயில் மக்கள் பகலில் தூங்குகின்றனர்." படித்துவிட்டு அவளை வருத்தத்தோடு பார்த்தார். "ஏம்மா, நீ அந்த ஊர்ப் பொண்ணுதானே? சொந்த ஊரை இப்படியா கேவலப்படுத்தறது?"

"நீங்க கப்பலையும் மாத்திரையையும் எடுத்துட்டீங்க, அதனாலதான் சார் அப்படித் தெரியுது."

"எடுத்தாச்சுன்னு தெரியுதில்ல? அப்புறம் அதையே ஏன் பேசறே?"

தூக்கமும் போயிற்று. பகல் மட்டும் தனியாக இருப்பானேன் என்று அதையும் கிருஷ்ணமூர்த்தி அடித்துவிட்டார். கடைசியில் தாளில் நின்றது: 'ஹட் பேயில் மக்கள் உள்ளனர்.'

குழு அதை வெகுநேரம் பார்த்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரும் புண்படுவதாகத் தெரியவில்லை. "எந்தத் துறையும் இதுக்கு மறுப்பு அனுப்ப முடியாது," என்றார் பாலசுப்பிரமணியம். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் குழுவில் இளையவரான தினேஷ்குமாருக்குத் திருப்தி இல்லை. போர்ட் பிளேர் மின்னி பேயிலேயே பிறந்து வளர்ந்தவர், வாரம் ஒரு ஆன்லைன் பயிற்சி முடித்து அதன் சான்றிதழைச் சுவரில் மாட்டுகிறவர்.

"அரே, இதுல ஏஐ எங்கே?"

"எதுக்கு சார் ஏஐ?"

"எதுக்குன்னு கேக்கக் கூடாது காவேரி. இப்பல்லாம் ஏஐ போடலேன்னா கருவாடுகூட விக்காது. ஏக் காம் கரோ, ஒரு வேலை செய், பேனாவைக் குடு."

அவர் எழுதினார். 'செயற்கை நுண்ணறிவு, நீலப் பொருளாதாரம் மற்றும் நீடித்த வளர்ச்சியின் ஒருங்கிணைந்த பார்வையில் ஹட் பேயில் மக்கள் உள்ளனர்: ஒரு முன்னோடி ஆய்வு.' அதன் கீழே இதே சொற்களை முன்பின்னாக மாற்றி மாற்றி இருநூற்றைம்பது சொல் வரும்வரை நிரப்பினார். குழுவினர் மூவரும் ஆய்வாளர்களாகத் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். காவேரியின் பெயரை எடுக்கவில்லை, மாணவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது மாநாட்டு விதி. அதிசயமாக அன்றைக்கு நெட்டும் இருந்தது. சுருக்கம் போய்ச் சேர்ந்தது.

காவேரி என் மேசைக்கு வந்து நின்றாள். அழவில்லை, கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. "டிக்கெட் வரட்டும் சார். மேடை ஏறினப்புறம் யார் என் வாயை அடிச்சுத் திருத்துறாங்கன்னு பாக்கறேன்," என்றாள்.

தேர்வாகிவிட்டது. மதிப்பீட்டாளர் இருவரின் கருத்தும் கூடவே வந்தது. முதலாமவர் எழுதியிருந்தார்: 'மிகப் புதுமையான கண்டுபிடிப்பு. அந்தத் தீவுகளில் கடற்கரையும் ரிசார்ட்டும் இருப்பதாக மட்டுமே இதுவரை அறிந்திருந்தோம்.' இரண்டாமவர் கறாரான மனிதர். 'மக்கள் உள்ளனர் என்ற கூற்றுக்குச் சான்று தேவை. மாணவர் நேரில் வந்தால் போதுமானது.'

குழு கேக் வெட்டியது. சான்று விமானம் ஏறியது.

சென்னையில் நடந்ததைக் காவேரி திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். பெரிய ஏசி அரங்கம். மேடையில் தலைவராக ஒரு பேராசிரியர் மணியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இவள் மைக்கைப் பிடித்து, "எங்க ஊர்ல கப்பல் ஏறுறதுக்கு முன்னால..." என்று தொடங்கியதும் மணி அடித்துவிட்டார்.

"கப்பலா? சுருக்கத்துல கப்பல் இல்லையேம்மா."

"எழுதியிருந்தேன் சார், எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா காரணம் இருக்கும். சுருக்கத்துல உள்ளதை மட்டும் பேசுங்க."

"எங்க அம்மா ஜெட்டியில தூங்கிட்டாங்க சார்..."

"அம்மாவும் இல்லை," என்றார் அவர், தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

இவ்வளவு தூரம் வந்து வாயை மூடிக்கொண்டு இறங்க இவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அரங்கத்தைப் பார்த்து, "ஹட் பேயில் மக்கள் உள்ளனர்," என்றாள். வெறுப்பில்தான் சொன்னாள். அரங்கம் கைதட்டியது.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "தமிழ் நல்லா பேசறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்ல சார்."

"அங்க வீடெல்லாம் இருக்கா?" என்று வியந்து, அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஒரு அம்மாள் கேட்டார்: "இங்க வர்றதுக்கு உங்களுக்கு விசா சுலபமா கிடைக்குதா?"

"நானும் இந்தியாதான் மேடம்."

"அது தனி ஆய்வு," என்று தலைவர் குறுக்கிட்டு மணி அடித்தார்.

முதல் பரிசு அவளுக்கே. 'ஹட் பேயில் மக்கள் உள்ளனர் என்பது இம்மாநாட்டில் ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று தடித்த தாளில் சான்றிதழ் கொடுத்தார்கள். மாநாட்டு அறிக்கையில் மட்டும், ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவரே என்பதால் மற்றவர்கள் இருப்பது பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

அன்று மாலை விடுதி வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லையே என்று அழுதுகொண்டே பேசினாள்.

"அம்மா, கப்பல் விஷயத்தைப் பேசவே விடலம்மா. நாம ஹட் பேல இருக்கோம்னு மட்டும் ஒத்துக்கிட்டாங்க. சர்டிபிகேட் குடுத்திருக்காங்க."

மறுமுனையில் பூங்கோதை கேட்டாள்:

"சீல் வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க."

"மெயின்லேண்ட் சீலா?"

"ஆமாம்மா."

"அப்ப அழாம அதைப் பத்திரமா எடுத்துட்டு வா. கண்ணுக்கு மறுதேதி கேட்டுப் போனா, நீ ஹட் பேலதான் இருக்கேங்கறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டுத் திருப்பி அனுப்பறாங்க. வரும்போது அப்படியே ஜெராக்ஸும் நெறைய போட்டுக்க. ஊர்ல எல்லாருக்கும் வேணும்."