பெண் பார்க்கப் போய்ப் பீங்கான் பார்த்த கதை

அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. தொண்ணூறுகளில் மொன்றியலில் நான் அப்படித்தான் இருந்தேன்.

பழைய பீங்கான் தட்டுகள் விற்கும் கடையொன்றில் தூசி தட்டும் வேலை. (ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'கலைப்பொருள் ஆய்வு'.) அங்கே 'வில்லோ' என்ற ஆங்கிலேயப் பீங்கானுக்குத் தனி மவுசு. வெள்ளையில் நீலமாக ஒரு மரம், சீன வீடு, பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள். பின்பக்கத்தில் 'இங்கிலாந்து' என்றிருந்தால் நூறு வருடத்துக்கு உட்பட்டது, நாட்டின் பெயரே இல்லாவிட்டால் அதைவிடப் பழையதாக இருக்கலாம் என்று முதலாளியம்மா வாடிக்கையாளரிடம் சொல்வதை ஒட்டுக்கேட்டேன். அந்த 'இருக்கலாம்' மட்டும் என் காதில் ஏறவில்லை.

அக்கா என்னை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகருக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார். வதனி பயற்றம் உருண்டை கொண்டுவந்தாள். வைத்திருந்தது வில்லோ பீங்கானில்! நான் பெண்ணை நிமிர்ந்தே பார்க்கவில்லை. (அடக்கம் என்று அக்கா பூரித்தாராம்.)

"அங்கிள், இது நூறு வருசத்துக்கு மேல பழசு."

"உண்மையாவோ? எப்பிடித் தம்பி சொல்லுறீர்?" வதனியின் அப்பா முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

"பின்பக்கத்தில நாட்டின்ர பேர் இராது. பாருங்கோ!"

பீங்கானைத் தலைக்கு மேல் தூக்கி அண்ணாந்தேன். உருண்டைகள் என் நெற்றியில் பட்டு, மடியில் விழுந்து, கம்பளமெங்கும் ஓடின. ஒன்று அவருடைய காலடியில் போய் நின்றது.

"பாத்தீங்களே, நாட்டின்ர பேர் இல்லை!" முகமெல்லாம் பயற்றம் மாவோடு கத்தினேன்.

அவர் பீங்கானை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நிதானமாக வாசித்தார்.

"மைக்ரோவேவில வைக்கலாம் எண்டு கிடக்கு, தம்பி."

"போன மாசம்தான் வாங்கினது" என்றார் வதனியின் அம்மா, பாவப்பட்டு.

"அப்ப அந்தக் காலத்திலயே மைக்ரோவேவ் இருந்திருக்கு" என்றாள் வதனி. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வந்திருந்தது. அந்த நொடியில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, எல்லாம் கெட்ட பிறகு.

பஸ்ஸில் அக்கா ஒரே வசனம்தான் பேசினார். "இனி உன்னோட ஒரு வீட்டுப் படியும் ஏறமாட்டன்."

ஒரு கிழமை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூசி தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. வதனி.

"வீட்டில இன்னும் நாலு பீங்கான் கிடக்கு. வந்து பாக்கிறீங்களோ?"

எங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள். இன்றுவரை அவள் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் எனக்கு மட்டும் வெறும் பீங்கானைத்தான் முதலில் நீட்டுவார்கள். "அத்தான், முதல் பாத்து முடியுங்கோ. பேந்து சோறு போடுறம்."

நானும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.