நான் தின்ற ஐந்து தட்டு ஆராய்ச்சி

நான் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியைத் தின்றிருக்கிறேன். பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பகல் பத்து மணிக்கு, இரண்டு கடற்படைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, விரலால் வழித்து வழித்துத் தின்றேன். ருசி பரவாயில்லை, கொஞ்சம் இனிப்பு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம். திருகோணமலையில் எங்கள் சிறிய பல்கலைக்கழக வளாகத்தில் நானும் நஸீமாவும் உதவி விரிவுரையாளர்கள். நான் பாலையூற்று, அவர் கிண்ணியா. வட ஐரோப்பாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் எங்களோடு சேர்ந்து உயிர்த்தொழில்நுட்ப ஆராய்ச்சி செய்ய முன்வந்தது. எங்களில் ஒருவரை இரண்டு வருடம் தங்கள் ஆய்வுகூடத்துக்கு எடுத்துப் பயிற்சி தருவார்கள். ஒரே ஓர் இடம். இருவரும் விண்ணப்பித்தோம். என் ஆராய்ச்சியை வாசித்தால் எனக்கே கொட்டாவி வரும். நஸீமாவின் ஆராய்ச்சி அப்படியல்ல.

கட்டைபறிச்சான் என்ற ஊரில் உப்பேறிய வயலோரம், உரமே காணாத கௌப்பிப் பயற்றுச் செடிகள் பச்சைப் பசேலென்று நிற்பதை அவர் கவனித்திருந்தார். வேர் முடிச்சுக்குள் இருக்கும் ஒரு பக்றீரியா காற்றிலிருந்து நைதரசனை எடுத்துச் செடிக்கு ஊட்டுகிறது. அதைப் பிரித்து வளர்த்து விதையோடு கலந்தால் யூரியா போடாமலே விளைவிக்கலாம். அப்போது யூரியாவுக்குக் கடும் கட்டுப்பாடு. அதில் வெடிமருந்து செய்கிறார்கள் என்று சொல்லி ஒரு பையைக்கூடச் சோதனைச் சாவடி தாண்ட விடமாட்டார்கள். விவசாயிகள் மஞ்சளாகிப்போன வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஐரோப்பியப் பேராசிரியர் எழுதியிருந்தார்: நஸீமாவின் வேலை பிடித்திருக்கிறது, ஒரு நாள் திருகோணமலைக்கு வருகிறேன், உயிருள்ள பக்றீரியாவைக் கையில் தந்தால் இடம் அவருக்கே. என் விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. (எனக்குக் கோபம் இல்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.)

பக்றீரியாவை வளர்க்க ஏகார் என்ற உறைபொருள் வேண்டும். கொழும்பிலிருந்து வரவேண்டியது வரவில்லை. நஸீமா அசரவில்லை. நோன்பு மாதம், கிண்ணியாக் கடைகளில் கடற்பாசி தாராளம். ஏகாரும் அதே சரக்குத்தான். நோன்பு திறக்க உம்மா காய்ச்சும் கடற்பாசியில் மகள் பாதியை எடுத்து, அதில் ஒருவகைச் சீனியும் ஈஸ்டும் சிவப்புச் சாயமும் சேர்த்து, மூடி போட்ட ஐந்து சிறு கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினார். குசினி மேசையில் அது நோன்பு இனிப்புப் போலவே இருந்தது. வேர் முடிச்சுப் பக்றீரியாவை அதில் தடவி வைக்க, நான்காம் நாள் சிவப்பின் மேல் வெள்ளை வெள்ளையாக முளைத்தது. இதற்கிடையில் மின்சாரம் போய், வளாகத்துக் குளிர்சாதனப் பெட்டியில் அவர் பக்றீரியாவைச் சேமித்து வைத்திருந்த குழாய்களில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மிஞ்சியது அந்த ஐந்து தட்டுத்தான்.

பேராசிரியர் வரும் நாளன்று துணைக்கு நானும் கிண்ணியாவுக்குப் போயிருந்தேன். தட்டுகளை அடுக்கிய பெட்டியை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அப்போது பாலம் இல்லை. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைத்தான் பாதை என்போம். பாதையில் ஏறுமுன் சோதனைச் சாவடி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்குத் திரைமறைவில் தனி வரிசை.

"பெட்டிய எனக்கிட்ட தாங்க," என்றார் நஸீமா.

"வேண்டாம். உங்கட பக்கம் சனம் கூட. கிளறிப் போடுவாங்கள்."

"சரி. வளாகக் கடிதம் என்ட கைப்பையில இருக்கு, மூணு பாஷையிலயும். நான் வாற வரைக்கும் நீங்க வாயத் திறக்கப்படா."

"ஓம், ஓம். எனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பெட்டியைக் கேட்டு வாங்கியதே பேராசிரியர் முன்னால் அதை நான் நீட்ட வேண்டும் என்ற ஆசையில்தான். இடம் கிடைக்காவிட்டாலும் படத்திலாவது விழலாமே.

பெண்கள் வரிசை ஆமையாக நகர்ந்தது. என் வரிசை குதிரையாக ஓடியது. கடற்படைக்காரர் பெட்டியைத் திறந்தார்.

"மே மொகக்த?" (இது என்ன?) என்றார் சிங்களத்தில்.

ஐந்து நிமிடம் பொறுங்கள், கடிதம் வருகிறது என்று கைகாட்டியிருக்கலாம். என் மூளை வேறு கணக்குப் போட்டது. பக்றீரியா என்றால் கிருமி, கிருமி என்றால் ஆயுதம். உரம் என்றால் யூரியா, யூரியா என்றால் வெடிமருந்து. எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு டோர்ச் பற்றரி கூடுதலாக வைத்திருந்ததற்கு மூன்று நாள் உள்ளே இருந்து விளக்கம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"கடற்பாசி, சேர். நோன்புக்குச் செய்யிற இனிப்பு."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அவர் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, அரைகுறைத் தமிழில் "தேங்காய்?" என்றார். "ஓம், சேர்." என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "நீ முஸ்லிம்?" "இல்லை, சேர்." "நோன்பு?" "இல்லை, சேர்."

"அப்ப சாப்பிடு."

முதல் தட்டைத் தின்றேன். ஒன்று போனால் நான்கு இருக்கிறதே என்ற தைரியம். பக்கத்தில் நின்ற மற்றவர் சிரித்தபடி, தனக்கும் ஒன்று என்று கை நீட்டினார். இவருக்கு இன்றைக்கு வயிற்றைக் கலக்கினால் நாளைக்கு என்னைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். அவர் கை எட்டுமுன் இரண்டாவதை வழித்து வாயில் போட்டேன். அவர் மூன்றாவதைப் பார்த்தார், அதுவும் போனது. பிறகு நிறுத்தத் தெரியவில்லை. ஐந்தாவதை விழுங்கி முடித்து நிமிர்ந்தபோது இருவரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

"படகினித?" (பசியா?) என்றார் முதலாமவர் மெல்ல. சட்டைப்பைக்குள் கைவிட்டுத் தன்னுடைய பிஸ்கட் பக்கற்றை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் திரையை விலக்கிக்கொண்டு நஸீமா வந்தார், கையில் கடிதத்தை விரித்துப் பிடித்தபடி. வெறும் தட்டுகளையும் சிவந்த என் உதட்டையும் பிஸ்கட்டையும் பார்த்தார்.

"எத்தின?"

"அஞ்சும்."

ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசவில்லை. பாதை நடுக்கடலுக்கு வந்தபோது தண்ணீரைப் பார்த்தபடி, "ஆறு மாசம், குகன்," என்றார். அதைவிட நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம்.

துறைமுகத்துக்கு அருகே ஒரு விடுதியில் பேராசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். நஸீமா எழுந்து நின்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்: "நான் பிரித்தெடுத்த பக்றீரியாவை இவர் சாப்பிட்டுவிட்டார்." மனிதர் சிரிக்கவில்லை. என் வயிறு எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். (நன்றாக இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம்.) பிறகு நஸீமாவின் குறிப்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தார். வேலை திறம், ஆனால் பக்றீரியா இல்லாமல் இடம் தர விதி இல்லை, அடுத்த வருடம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். படையினர் இரவுக்கு வீதியை மூடுமுன் புறப்பட்டுப் போனார்.

மழை பெய்தால்தான் அந்தக் கௌப்பி முளைக்கும். மழை பெய்தபோது கட்டைபறிச்சானுக்கு வழி திறக்கவில்லை. வழி திறந்தபோது செடி காய்ந்திருந்தது. அந்த வருடம் முழுவதும் நஸீமா மாணவர்களுக்குத் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்தார். நான் வளாகத்தில் அவர் வரும் பக்கமே போகாமல் சுற்றுப்பாதையில் திரிந்தேன். அடுத்த மாரியில் வேரைத் தோண்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

மறுபடி பாதையடி, மறுபடி துணைக்கு நான். இம்முறை பெட்டி அவர் கையில். நான் ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்பது கட்டளை. திரைக்குள் போகுமுன்பே தன் முன்னிலையில் பெட்டியைப் பார்க்கச் சொன்னார். சோதனைக்கு நின்ற கடற்படைக்காரர் புது ஆள், சின்ன வயது, தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். என்ன இது என்று கேட்டார்.

"யூரியாவுக்குப் பதிலாப் போடுற கிருமி," என்றார் நஸீமா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு ஆபத்தான சொல்லும் ஒரே வாக்கியத்தில். ஒரு சத்தமும் வராததால் திறந்து பார்த்தேன். அந்தப் பொடியன் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

"எங்கட அப்பாவுக்கு வயல் இருக்கு. நெல்லுக்குப் போட ஏலுமா?"

"ஏலாது. கௌப்பிக்குத்தான் சரி."

அவர் முகம் வாடிப்போனது. ஒரு தட்டையும் திறக்காமல் பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடிக் கொடுத்தார்.

முதல் வருடமும் உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா, எனக்குத் தெரியாது. வேறொரு காலை, வேறொரு ஆள் என்றால் நஸீமாவையே உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். அந்தக் காலத்தில் பயப்படாதவன் யார்? ஆனாலும் அவருடைய ஒரு வருடத்தைத் தின்றது என் பயமும் என் பவுசும்தான். இதை அவரிடம் ஒருநாள் சொன்னேன். "தெரியும். அதுக்காக ரெண்டாவது தட்டோட நிப்பாட்டியிருக்கலாமே," என்றார்.

அவர் போனார், படித்தார், திரும்பி வந்து இப்போது எங்கள் வளாகத்தில் பேராசிரியர். அவருடைய பக்றீரியா அந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகச் சேகரிப்பில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே தட்டுகளுக்கு இலக்கம் போடும்போது அவர் ஆறிலிருந்து தொடங்கினார். அதனால் கூட்டுத் திட்டத்தில் புதிதாகச் சேரும் மாணவர் எவராவது வருடம் தவறாமல், ஒன்று முதல் ஐந்து வரை எங்கே என்று அங்கிருந்து கேட்டு எழுதுவார். நஸீமா பதில் எழுதுவதில்லை. "இது உங்கட பாடம்" என்று ஒரு வரி போட்டு எனக்குத் தள்ளிவிடுவார்.

நானும் சில வருடம் போக்குவரத்தில் இழப்பு, கையாள்கையில் சேதம் என்று கௌரவமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் அந்த வேலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். அவளுடைய பதில் ஒரே வரி, எல்லோருக்கும் அதையேதான் அனுப்புகிறாள்: "ஒன்று முதல் ஐந்து வரை வைக்கப்பட்டுள்ள இடம்: என் அப்பா."